சைக்கிளை விட்டுவிட்டு ஓடியவன்

காலை ஐந்து மணி நாற்பத்தேழு. முதலில் கண்ணில் பட்டது சார்ஜரின் சிவப்பு விளக்கு. அது பச்சையாகியிருக்க வேண்டும். இரவில் மின்சாரம் போயிருக்கிறது. எப்போது போய் எப்போது வந்தது என்று தெரியவில்லை. சைக்கிள் பாட்டரியில் ஐந்து கட்டங்களில் இரண்டுதான் நிறைந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஜமுனாமரத்தூர் சந்தை மைதானம் பனிமூட்டத்தில் பாதி தெரிந்தது. அன்று நான் போக நினைத்த தூரத்துக்கு இரண்டு கட்டம் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சைக்கிளை வெளியே எடுத்தேன்.

ஐப்பசி கடைசி வாரம் அது. மலையில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. என் எடை எண்பத்தாறு கிலோ. இரண்டு மாதம் முன்பு தொண்ணூற்று மூன்று.

ஆவணியில் ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் சிறிய மேட்டில், கையில் காய்கறிப் பையோடு மார்பு இறுகி உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. வேலூரில் பரிசோதித்த மருத்துவர், ஓர் இரத்தக்குழாயில் சிறிய அடைப்பு, மருந்தே போதும், உடம்பைக் குறைக்க வேண்டும் என்றார். நான்கு மாதம் கழித்து ட்ரெட்மில் பரிசோதனை. ஓடும் பட்டையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும். என் வயதுக்கு ஒன்பது நிமிடம் தாண்டினால் கவலை இல்லை என்றார்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேச்சைத் தொடங்கினாள்.

"கீழ வந்துடுங்கப்பா. மலைமேல ஒண்ணு ஆனா நாங்க எப்ப வந்து சேர்றது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இளவயதில் இந்த மலையில் பத்து ஆண்டுகள் கிராம செவிலியராக இருந்தவள். பாம்புக்கடி, தலைப்பிரசவம் எல்லாவற்றையும் இங்கேயே பார்த்தவள். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"அவ சொல்றது ஞாயம்தாங்க. ஒரு மணி அம்பது நிமிஷம். நான் கடிகாரத்தயே பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். பரிசோதனையில் ஒன்பது நிமிடம் தாண்டினால் மலையில் இருக்கலாம். தாண்டாவிட்டால் பொங்கல் கழித்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னை. மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாங்கள் மலைக்குத் திரும்பி வந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இங்கே வந்து இருக்க வேண்டும் என்று அதற்கு முன் இருபது ஆண்டுகள் பேசியிருந்தோம்.

சைக்கிள் புரட்டாசியில் காய்கறி வேனில் வந்தது. மிதித்தால்தான் போகும், மிதிக்கும்போது மோட்டார் கூடத் தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை ஒன்றிலிருந்து ஐந்துவரை கைப்பிடியில் வைத்துக்கொள்ளலாம். எடை இருபத்துநாலு கிலோ. பாட்டரி தீர்ந்துவிட்டால் அந்த இருபத்துநாலு கிலோவையும் காலால் இழுக்க வேண்டும். வேனிலிருந்து இறக்கியபோது எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜீப் ஓட்டுநர் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்து ஊர்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர், முப்பது வயதிருக்கும்.

"இன்னா சார் இது, சைக்கிளா வண்டியா?"

"சைக்கிள்தான். மோட்டார் கொஞ்சம் ஒத்தாசை பண்ணும்."

"அப்ப எளைக்கப் போறது நீங்களா, மோட்டாரா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள்.

முதல் நாள் ஐந்தில் வைத்து ஏரிப் பக்கம் போனேன். மேட்டில் கால் சுற்றுவதற்கு முன்பே சக்கரம் சுற்றியது. முகத்தில் காற்று அடித்த வேகம் எனக்குத் தெரிந்த வேகமாக இருந்தது. எங்கே தெரியும் என்று யோசித்துக்கொண்டே இரண்டு சுற்றுப் போனேன். இருபத்தாறு வயதில் இதே மலையில் நான் ஓடிய வேகம் அது.

அப்போது ஒரு நாளிதழுக்கு இந்த மலைக்கும் கலசப்பாக்கத்துக்கும் சேர்த்துப் பகுதிநேரச் செய்தியாளனாக இருந்தேன். செய்தியைக் கையால் எழுதி, படச்சுருளையும் சேர்த்து, பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி, வேலூர் போகும் பேருந்தின் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் அலுவலக ஆள் வாங்கிக்கொள்வார். ஜமுனாமரத்தூரிலிருந்து அந்தப் பேருந்து மாலை நாலு பத்துக்குக் கிளம்பும். அதை விட்டால் செய்தி மறுநாளுக்கு ஆகாது. காலையில் உட்கிராமங்களுக்கு நடந்து போவேன். காய்ச்சல் முகாம், இடிந்த பள்ளிக்கூடம், கரடி புகுந்த தேன்கூடு என்று எதையாவது பார்த்து எழுதுவேன். இரண்டரை மணிக்கு மேல் ஓட்டம்தான். வழியில் வயல்களில் இருப்பவர்கள் என்னைப் பார்த்து மணி தெரிந்துகொண்டார்கள். "நாலு பத்து போவுதுடா" என்பார்கள். என் பெயர் தெரியாதவர்களுக்கு நான்தான் நாலு பத்து. பேருந்து நிலையத் திருப்பத்தில் என் தலை தெரிந்ததும் கண்டக்டர் வாயில் வைத்த விசிலை எடுத்துவிட்டு, டிக்கெட் கட்டை மறுபடி எண்ணத் தொடங்குவார்.

என் மனைவியையும் அந்தப் பாதையில்தான் பார்த்தேன். ஊசிமருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நடந்து வருவாள். நான் ஓடிக் கடப்பேன். முதல் ஆறு மாதம் எங்களுக்குள் நடந்த பேச்சு, "மணி இன்னா?" என்று நான் கேட்பதும் அவள் சொல்வதும்தான். கையில் கடிகாரம் கட்டியிருந்தவள் அவள். இப்போது எங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துக் கவர்களில் ஒட்டாத நான்கு இருக்கின்றன. அவள்தான் எடுத்துவைத்திருக்கிறாள்.

பிறகு வேலூரில் மேசை வேலை. உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினேன். ஆண்டுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் கணக்கு சரியாக வரும்.

சைக்கிளை ஐந்திலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து ஒன்றுக்கும் இறக்க ஐந்து வாரம் ஆயிற்று. மருத்துவர் மெல்லோட்டத்துக்கும் அனுமதி தந்த பிறகு, ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடினேன். மின்கம்பங்கள்தான் அளவு. ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. பிறகு இரண்டும் ஒன்றும். ஏரிக்கரையில் வெளியூர்க்காரர்கள் அரைக்கால் சட்டையோடு ஓடுவது சகஜம் என்பதால் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி மட்டும் சாயங்காலம் எடைக்கருவியை எடுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பாள்.

"முன்ன வயிறு வூட்டுக்குள்ள வந்து கொஞ்ச நேரம் கழிச்சு நீங்க வருவீங்க. இப்ப ரெண்டு பேரும் சேந்து வர்றீங்க."

ஏரிக்கரை சமதளம். பரிசோதனைப் பட்டையோ சரிந்து எழும்பும். மேட்டில் ஓடிப் பழக வேண்டும் என்று ஐப்பசிக் கடைசி வாரத்தில் முடிவெடுத்தேன். எனக்குத் தெரிந்த மேடு, நான் பழைய நாளில் ஓடிய உட்கிராமப் பாதை. இப்போது அது தார்ச்சாலை. அந்தச் சாலை வேண்டும் என்று பதினோரு முறை செய்தி எழுதியிருக்கிறேன். அது போடப்பட்டபோது நான் வேலூரில் மேசையில் இருந்தேன். மூன்று வரிச் செய்தியாக வந்ததை இரண்டு வரியாக வெட்டினேன்.

அன்று காலை இரண்டு கட்டப் பாட்டரியோடு கிளம்பி, சாலை பிரியும் இடத்திலுள்ள புளியமரத்தடியில் சைக்கிளைப் பூட்டி நிறுத்தினேன். ஆறு நாற்பது. அங்கிருந்து உள்ளே ஓட்டம். சிறிது தூரத்தில் சாலையோரக் களத்தில் ஒரு பெண் முறத்தால் சாமை தூற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கலாம். என்னைப் பார்த்ததும் முறம் நின்றது.

"யாருங்க?" என்று கேட்டாள்.

நான் அப்போது ஆறாவது கம்பத்தில் இருந்தேன். ஏழாவது வரை நிற்கக் கூடாது என்பது என் கணக்கு. பேச மூச்சில்லை. யார், எங்கே போகிறேன் என்று கேட்கிறாள் என்று எண்ணி, கையை நீட்டி முன்னால் காட்டினேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். நான் ஓடிவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்துப் பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. ஒதுங்கினேன். டீக்கடையில் சிரித்த அதே ஓட்டுநர்தான். வழக்கமாக ஒரு கிண்டல் இல்லாமல் என்னைக் கடக்காதவர், அன்று தலையைக் குனிந்துகொண்டு போனார். ஜீப்பில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது; ஓடுகிறவனைத் தொந்தரவு செய்யவில்லை என்று நினைத்தேன்.

முதல் பெரிய மேட்டுக்குக் கீழேயுள்ள சிறுபாலத்தோடு அன்றைக்குப் போதும் என்று திரும்பினேன். களத்துக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. தூற்றிய சாமை குவியலாகத் திறந்து கிடந்தது. முறம் மல்லாந்திருந்தது, அதில் ஒரு கோழி. தூறல் தொடங்கியிருந்தது. அறுப்பு நாளில் குவியலை மழைக்கு விட்டுவிட்டு யாரும் போகமாட்டார்கள். பக்கத்தில் மடித்துவைத்திருந்த தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். வைத்துக்கொண்டிருக்கும்போது எதிரே ஆடு ஓட்டிவந்தவர் நின்றார்.

"கெழவி எப்ப போச்சு? ராவுலயா, விடியக்காலையிலயா?"

"எந்தக் கிழவி?"

"இன்னாப்பா, நீதான சேதி சொல்ல ஓடுற? நீயே என்னைக் கேக்குற?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியிருக்க வேண்டியது அரை மணி நேரம் முன்பே.

இந்த மலையில் வேலையில்லாமல் யாரும் ஓடுவதில்லை. பேருந்துக்கு ஓடலாம். அந்த வேளையில் அந்தத் திசையில் பேருந்து இல்லை. மற்றபடி ஒருவன் தனியாக, கையில் ஒன்றுமில்லாமல், ஊரை நோக்கி ஓடினால் அவன் சாவு சொல்லப் போகிறவன். சாலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் போனில் சிக்னல் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் போனில் சொன்ன சாவு, சொன்னதாகாது. ஆள் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லப் போகிறவன் எந்த வீட்டிலும் உட்காரமாட்டான், தண்ணீர் குடிக்கமாட்டான். போகும் வழியில் அவனை நிறுத்தி வைக்கவும் கூடாது. இன்னும் எத்தனை ஊருக்குப் போக வேண்டுமோ. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. நானே ஒரு ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஆட்டுக்காரர் மீதியைச் சொன்னார். சாமை தூற்றிய பெண்ணின் தாய்வீடு சாலை முடியும் ஊரில் இருக்கிறது. அவளுடைய அம்மாவை மூன்று நாள் முன்பு மூச்சுத்திணறல் என்று மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆஸ்பத்திரித் திசையிலிருந்து ஓடிவந்த நான், செத்தது யார் என்று அவள் கேட்டதற்கு வாய் திறக்காமல் அம்மாவின் ஊரைக் கைகாட்டினேன். பின்னால் வந்த ஜீப்பை அவள் மறித்திருக்கிறாள். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்.

என் தொழிலில் இதற்கு ஒரே விதிதான். சாவுச் செய்தியை இரண்டு இடத்தில் கேட்டு உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. முப்பத்தொரு ஆண்டுகளில் நான் உயிரோடிருந்த ஒருவரையும் கொன்றதில்லை. மற்றவர்கள் கொன்றதை இரண்டு முறை மேசையில் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

புளியமரத்தடிக்கு ஓடினேன். கம்பம் எண்ணவில்லை. சைக்கிளில் ஏறி மூன்றில் வைத்துச் சாலை முடியும் ஊரை நோக்கி மிதித்தேன். களத்தைத் தாண்டியதும் ஒரு கட்டம் போயிற்று. சிறுபாலத்தைத் தாண்டி, முதல் பெரிய மேட்டின் பாதியில் மற்றதும் போயிற்று. மோட்டார் நின்றதும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. கியரைக் கடைசிப் பல்லுக்கு மாற்றி எழுந்து நின்று மிதித்தேன். இருபத்துநாலும் எண்பத்தாறும் சேர்ந்து நூற்றுப்பத்து கிலோ.

அந்த மேட்டைப் பற்றி ஒரு விஷயம் அங்கேதான் நினைவுக்கு வந்தது. பழைய நாளில் நான் இதில் ஏறி ஓடியதே இல்லை. காலையில் நடந்து ஏறினேன். மாலையில் இறங்கும்போதுதான் ஓடினேன். பேருந்து நிலையம் இறக்கத்தில் இருந்தது. வேலூரில் உட்கார்ந்து உடம்பு பெருத்த அத்தனை ஆண்டுகளிலும், மலை ஏறி ஓடிய ஓர் இளைஞனை நினைத்து ஏங்கியிருக்கிறேன். அப்படி ஒருவன் இருந்ததில்லை. இருந்தவன் கவரோடு இறக்கத்தில் ஓடியவன். என்றாலும் ஏக்கம் குறையவில்லை. அந்த இறக்கம், உள்ளங்காலில் தட்டிய மண், கவரின் பசை வாசனை எல்லாம் நிஜம்.

இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். மார்பு அடித்துக்கொண்டது, ஆனால் இறுகவில்லை. ஒவ்வொரு முறையும் நின்று அதைச் சோதித்தேன்.

ஊர் முகப்பில் ஜீப் நின்றது. அழுகைச் சத்தம் இல்லை. முதல் வீட்டு வாசலில் சாமை காயப்போட்டிருந்தது. அதன் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் ஒரு மூதாட்டி நீளக் கழியோடு உட்கார்ந்து கோழி விரட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஜீப்பில் வந்தவர்கள். மூதாட்டியை முதல் நாள் மாலையே ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டிருக்கிறார்கள். இரவு, வேறொருவர் ஓட்டிய கடைசி ஜீப்பில் மகனோடு வந்து இறங்கியிருக்கிறார். நடுவழியில் இருக்கும் மகளுக்குச் சொல்ல ஆளில்லை.

என்னைப் பார்த்ததும் ஓட்டுநர்தான் முதலில் வாய் திறந்தார்.

"சார், நான் இன்னா நெனைக்கறது? உங்க சைக்கிள் புளியமரத்தாண்ட நிக்குது. நீங்க ஓடிக்கினு கீறீங்க. சைக்கிள வெச்சுக்கினு எவனாவது அத விட்டுட்டு ஓடுவானா? வண்டி மக்கர் பண்ணிடுச்சு, சேதி அவசரம், அதான் ஓடறாருன்னு நெனைச்சேன்."

"உடம்பு இளைக்க ஓடினேன்" என்றேன்.

சாமை தூற்றிய பெண் முன்னால் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஜீப்புலயே பாதி ஒப்பாரி வெச்சுட்டேங்க. பெத்தவ உசிரோட குந்திக்கினு கீறா. நான் வெச்சத இன்னா பண்றது?"

"மீதிய வெச்சுக்கடி. அப்பால ஆவும்" என்றார் கட்டிலில் இருந்த அம்மா. பிறகு கழியை என் பக்கம் நீட்டினார். "எப்பா, நான் எத்தனை மணிக்குச் செத்தேன்? அதையாவது சரியாச் சொன்னியா?"

முதலில் சிரித்தது மகள்தான். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு சத்தம். பிறகு எல்லோரும். நான் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். சாமைக் குவியலைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்ததையும் சொன்னேன். "கல்லு வெச்சீங்களா?" என்று கேட்டாள். வைத்தேன் என்றேன். "அப்ப செரி" என்றாள்.

ஊர்க்கவுண்டர் வந்தார். ஊர் வழக்கு, சாவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டியவர். நாற்பது வயது, கால்பந்துப் பனியன் போட்டிருந்தார், கையில் சிக்னல் இல்லாத போன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ஓடியாந்த வழியில எத்தன வூட்டுக்காரங்க பாத்தாங்க?"

எண்ணிச் சொன்னேன். சாலையோரம் ஆறு வீடு. இந்த வீட்டோடு ஏழு.

"சேதி அத்தன வூட்டு வாசலயும் மிதிச்சுட்டுது. சும்மா வுட முடியாதுங்க. ஒவ்வொரு வூட்டுலயும் போயி உக்காருங்க. ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிங்க. சாவு சொல்ல வந்தவன் உக்கார மாட்டான், தண்ணி குடிக்க மாட்டான். நீங்க உக்காந்து குடிச்சா அது சாவு சேதி இல்லன்னு ஆவும். அதான் இதுக்குக் கழிப்பு."

"ஏழு சொம்புமா?"

"பாதி குடிச்சா பாதிச் சேதி நின்னுடும்" என்றார் ஓட்டுநர்.

மறுப்புச் செய்தி வெளியிடுவதில் எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு முறை உண்டு. தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில் திருத்தமும் வர வேண்டும். நடைமுறையில் அது எட்டாம் பக்கத்தின் மூலையில் வரும். ஊர்க்கவுண்டரின் முறை கறாரானது.

முதல் சொம்பை அந்த அம்மாவே மகளிடம் சொல்லிக் கொடுக்கவைத்தார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து குடித்தேன். தண்ணீர் ஊற்றுத் தண்ணீர், பல் கூசியது. சொம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். சைக்கிளை ஜீப்பின் பின்னால் கட்டிக்கொள்கிறேன் என்று ஓட்டுநர் சொன்னதற்கு ஊர்க்கவுண்டர் ஒப்பவில்லை. ஓடியவன்தான் திரும்பப் போக வேண்டும்.

பாட்டரி தீர்ந்த சைக்கிளோடு ஆறு வாசலில் நின்றேன். மூன்றாவது வீட்டில் தண்ணீரோடு சாமைக்கூழும் கொடுத்தார்கள், மறுக்க முடியவில்லை. ஐந்தாவது வீட்டில் ஒரு முதியவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீ நாலு பத்து இல்ல?"

ஆமாம் என்றேன்.

"அப்ப ஒல்லியா இருப்ப. பேப்பரு கவரு கக்கத்துல வெச்சிருப்ப. நாங்கல்லாம் ஒன்னப் பாத்துத்தான் மாட்டை அவுப்போம்." சொம்பை வாங்கிக்கொண்டு, "அந்த பஸ்ஸு இப்ப நாலு பத்துக்கு இல்ல, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று ஏழு வீட்டில் நான் அதிக நேரம் உட்கார்ந்தது அங்கேதான்.

ஆறாவது வீட்டில் நான் யார் என்று விசாரித்தார்கள். மனைவியின் பெயரைச் சொன்னேன். அந்த வீட்டுப் பெரிய மகளின் பிரசவத்தை அவள்தான் பார்த்தாளாம். "நர்சம்மா வூட்டுக்காரரா நீங்க? அத மொதல்லயே சொல்றதுதான?" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பதினொன்று இருபது. மனைவிக்குச் சேதி முன்பே வந்திருந்தது. ஜீப் ஓட்டுநர் டீக்கடையில் எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடி எண்ணினாள். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள்.

"எழுவத்தெட்டு. மேட்டுல நெஞ்சு புடிச்சுதா?"

"இல்லை."

"பாட்டரி இல்லாமயா ஏறுனீங்க?"

"பாதி மேடு. இரண்டு இடத்தில் தள்ளினேன்."

மணிக்கட்டை விட்டாள். "நாளைக்கு ஓடும்போது கையில தண்ணி பாட்டில் எடுத்துக்கினு போங்க. ஆள் தெரிஞ்சா உடனே ஒரு வாய் குடிங்க" என்றாள்.

அப்படியே செய்தேன். அந்தச் சாலையில் அதற்குப் பிறகு ஐம்பது நாளுக்கு மேல் ஓடினேன். வயலில் ஆள் தெரிந்தால் ஓடிக்கொண்டே பாட்டிலை உயர்த்தி ஒரு மடக்குக் குடிப்பேன். அங்கிருந்தும் கை உயரும். சில நாள் குடிக்க மறந்தால் "தண்ணி, தண்ணி" என்று கத்துவார்கள். மார்கழியில் அந்த மேட்டை, பாட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, இறங்காமல் ஏறினேன். சாமை தூற்றிய பெண் அப்போது களத்தில் கொள்ளுக்கொடி அடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா நல்லா கீறாங்க" என்று கேட்காமலேயே சொன்னாள்.

பரிசோதனை பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு, வேலூரில். எடை எண்பத்தொன்று. மார்பில் கம்பிகளை ஒட்டிய பெண், முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள் என்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மகளும் மனைவியும் நின்றார்கள். முதல் மூன்று நிமிடம் நடை. அடுத்த மூன்று நிமிடம் வேக நடை. ஏழாவது நிமிடத்தில் பட்டை முன்பக்கம் எழும்பியது. அந்த மேட்டில் இரண்டாவது முறை இறங்கித் தள்ளிய இடத்தின் சரிவு அது. கால் அதைக் கண்டுகொண்டது. ஒன்பது நிமிடம் தாண்டியதும் ஓட வேண்டியதாயிற்று. கதவுக்கு வெளியே மனைவி தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. நான் கையைத் தூக்கியபோது பத்து நிமிடம் இருபது விநாடி.

மருத்துவர் வரைபடத்தை இரண்டு முறை புரட்டினார். மருந்தை நிறுத்தக் கூடாது, ஆறு மாதம் கழித்து வரவேண்டும், மற்றபடி சரி என்றார்.

மகள் அறிக்கையை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அவளும் ஒரு செய்தியை முழுதாகப் படிக்கிறவள்.

"இது மலைமேல இருக்கலாம்னு குடுத்த சர்டிஃபிகேட் இல்லப்பா."

"ஒம்போது நிமிஷம்னுதான பேசுனோம்?" என்றாள் மனைவி. "பத்து ஓடியிருக்காரு. பேச்சுன்னா பேச்சுதான்."

மகள் அவளைப் பார்த்தாள். "நீ என் பக்கம்னு நெனைச்சேன்மா."

"நான் கடிகாரத்துப் பக்கம்" என்றாள்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை வீட்டுக்காரர் முத்திரைத்தாளோடு வந்தார். புது வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு.